வீட்டுக் கணினிகளின் சேமிப்பும் ஓர் அமானிதமே



நம் சமுதாயத்தின் நடுத்தரக் குடும்பங்கள் பலவற்றில் இன்று மூன்று நான்கு கணினிகள் இருக்கின்றன. 2011ஆம் ஆண்டு முதல் தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினி ஒன்று பரண் ஓரத்தில் இருக்கும். கல்லூரிக்குச் செல்லும் மகளுக்கு வாங்கியது ஒன்று, கடைக் கணக்கு எழுத ஒன்று, வீட்டிலிருந்து வேலை செய்யும் மகனுக்கு நிறுவனம் கொடுத்தது ஒன்று. இவற்றுக்கெல்லாம் பொதுவாக ஒரு ஹார்டு டிஸ்க்கை வாங்கி, உள்ளங்கை அளவான அந்தக் கறுப்புப் பெட்டியை அலமாரியில் வைத்துவிட்டு, "எல்லாவற்றையும் அதில் போட்டுவிட்டோம், இனிக் கவலையில்லை" என்று நிம்மதி அடைகிறோம்.

குடும்பத்துக்கு ஒரு பொது வன்தட்டு வாங்குவது நல்ல காரியம்தான். ஆளுக்கு ஒன்று வாங்கி எதையும் ஒழுங்காகச் செய்யாமல் இருப்பதைவிட, ஒன்றை வாங்கி ஒழுங்காகப் பேணுவது சிக்கனம். ஆனால் பெரும்பாலான வீடுகளில் நடப்பது பாதுகாப்பு நகல் எடுப்பது அன்று, இடம் மாற்றுவது மட்டுமே. மடிக்கணினி நிறைந்துவிட்டது என்று படங்களையும் கோப்புகளையும் வன்தட்டுக்கு நகர்த்துகிறார்கள், பிறகு மடிக்கணினியில் இருப்பதை அழித்துவிடுகிறார்கள். இதற்குப் பெயர் பேக்கப் அன்று. முன்பு மூன்று கணினிகளில் சிதறிக் கிடந்த செல்வம் இப்போது ஒரே பெட்டியில் குவிந்துவிட்டது, அவ்வளவே. அந்தப் பெட்டி மேசையிலிருந்து விழுந்தால் ஒரு கணினி கெட்டதாகப் பொருள் இல்லை, குடும்பத்தின் அனைத்தும் ஒரே நொடியில் போனதாகப் பொருள்.

இது உலகக் காரியம், மார்க்கப் பக்கத்தில் இதற்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். அந்தக் கணினிகளில் என்ன இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால் கேள்விக்கு விடை கிடைத்துவிடும். கடன் கொடுத்த, வாங்கிய கணக்கு இருக்கிறது. கடனை எழுதி வைக்குமாறு பணிக்கும் அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனமே திருக்குர்ஆனில் மிக நீளமான வசனம் என்பதை மதரஸாவின் சிறு பிள்ளைகளும் அறிவர். ஜகாத் கணக்கு இருக்கிறது. நிக்காஹ் பதிவின் நகல், மஹர் விவரம், வீட்டுப் பத்திரம், பிள்ளைகளின் மதிப்பெண் சான்றிதழ், ஹஜ்ஜுக்கு விண்ணப்பித்த கடவுச்சீட்டின் நகல் ஆகியவை இருக்கின்றன. பிறருடைய உரிமை சம்பந்தப்பட்ட ஒரு தாள் நம் பொறுப்பில் இருந்தால் அது அமானிதம். அது காகிதத்தில் இருந்தாலென்ன, காந்தத் தட்டில் இருந்தாலென்ன?

"அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்று சொல்பவர்களும் உண்டு. ஒட்டகத்தை அவிழ்த்துவிட்டுத் தவக்குல் வைக்கவா, கட்டிவிட்டு வைக்கவா என்று கேட்டவரிடம், கட்டிவிட்டுத் தவக்குல் வைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் கூறியதாகத் திர்மிதியில் வரும் செய்தியை அவர்களும் கேட்டிருப்பார்கள். அதற்கு மேல் இதில் வாதிட எதுவும் இல்லை.

ஆயினும் ஒரு வரலாற்றை மட்டும் சற்று விரிவாக நினைவுகூர விரும்புகிறோம். யமாமா போரில் குர்ஆனை மனனம் செய்த ஸஹாபாக்கள் பலர் ஷஹீதானபோது, இவ்வாறே மற்றப் போர்களிலும் நேர்ந்தால் என்னாவது என்று உமர் (ரலி) அவர்கள் அஞ்சி, குர்ஆனை ஓரிடத்தில் தொகுக்குமாறு கலீஃபா அபூபக்ர் (ரலி) அவர்களிடம் வற்புறுத்தினார்கள். நபியவர்கள் செய்யாத ஒன்றை எப்படிச் செய்வது என்று கலீஃபா முதலில் தயங்கினார்கள். பின்னர் அந்தப் பொறுப்பு ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. மலையொன்றை நகர்த்தும் வேலையைத் தந்திருந்தால்கூட இவ்வளவு பாரமாக இருந்திருக்காது என்று அவர்கள் உணர்ந்ததாக புகாரியில் காண்கிறோம். பேரீச்ச மட்டைகளிலும் கற்களிலும் மனிதர்களின் நெஞ்சங்களிலும் இருந்தவை திரட்டப்பட்டன. அந்த ஏடுகள் அபூபக்ர் (ரலி), உமர் (ரலி) ஆகியோருக்குப் பின் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் இருந்தன. உஸ்மான் (ரலி) அவர்களின் காலத்தில் அவற்றைக் கேட்டுப் பெற்று, பிரதிகள் எடுத்து, பல பகுதிகளுக்கு அனுப்பினார்கள். மூல ஏடுகள் மீண்டும் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடமே திருப்பிக் கொடுக்கப்பட்டன.

வேதத்தைப் பாதுகாப்பது அல்லாஹ்வின் வாக்குறுதி. அதை நம் வீட்டுக் கோப்புகளோடு ஒப்பிடும் துணிச்சல் நமக்கில்லை. ஆனால் அந்த வாக்குறுதி இருந்தும் ஸஹாபாக்கள் கைகட்டி இருக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். நெஞ்சில் ஒன்று, ஏட்டில் ஒன்று, தொலைவிலுள்ள நகரங்களில் ஒன்று என்று வைத்தார்கள். கணினித் துறையினர் இன்று மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், அவற்றில் ஒன்று வேறோர் இடத்தில் என்று ஒரு விதியைச் சொல்கிறார்கள். அந்த ஞானம் நமக்குப் புதிதன்று.

பிரதி இல்லாமை என்ன செய்யும் என்பதற்குத் தமிழ் மண்ணில் சான்றுகள் போதும். 1981 மே 31 இரவு தொடங்கி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அச்சு நூல்களை வேறெங்காவது தேடிப் பெற முடிந்தது, வேறு பிரதியே இல்லாத ஓலைச்சுவடிகளை எவராலும் மீட்க முடியவில்லை. ஆப்பிரிக்காவின் திம்புக்துவில் 2012இல் ஆயுதக் குழுக்கள் ஊரைக் கைப்பற்றியபோது, அப்துல் காதிர் ஹைதரா என்ற நூலகரும் அவருடைய தோழர்களும் இஸ்லாமியக் கையெழுத்துப் பிரதிகளை இரும்புப் பெட்டிகளில் அடைத்து, வண்டியிலும் படகிலும் தலைநகர் பமாக்கோவுக்குக் கடத்திக் காப்பாற்றினார்கள். அவர்கள் செய்ததும் இதுதான்: ஆபத்து வரும் இடத்திலிருந்து வேறோர் இடத்துக்கு மாற்றினார்கள். நம் முன்னோரின் அரபுத்தமிழ் ஏடுகளில் எத்தனையோ வீட்டுப் பரண்களில் கரையானுக்கு இரையாயின. அவற்றுக்காகப் பெட்டி தூக்க நமக்கு ஆள் இருக்கவில்லை.

2015 டிசம்பர் முதல் இரண்டு நாள்களில் சென்னையை வெள்ளம் சூழ்ந்தபோது பள்ளிவாசல்கள் திறந்துவிடப்பட்டதையும், நம் இளைஞர்கள் இடுப்பளவு நீரில் இறங்கி உதவியதையும் பெருமையோடு பேசுகிறோம். அந்த வெள்ளத்தில் தாள்களை இழந்தவர்களுக்கு அரசு சிறப்பு முகாம்கள் நடத்தி மாற்றுச் சான்றிதழ் வழங்கியது. மதிப்பெண் பட்டியலுக்கு முகாம் உண்டு. தகப்பனாரின் குரலுக்கு எந்த முகாமும் இல்லை.

இதை ஓர் அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை. நாம் அறிந்த ஒரு குடும்பத்தில், மறைந்த பெரியவர் ஒவ்வொரு வெள்ளி காலையும் கஹ்ஃப் சூரா ஓதுவதை மகள் கைப்பேசியில் பதிவு செய்து வைத்திருந்தார். எல்லாம் பொது வன்தட்டில் பத்திரமாக இருக்கிறது என்று கைப்பேசியிலும் கணினியிலும் அழித்துவிட்டார்கள். இயங்கிக்கொண்டிருந்த வன்தட்டை ஒரு குழந்தை கம்பியோடு இழுத்துத் தரையில் போட்டது. உள்ளே சுழலும் தட்டின் மேல் மயிரிழை உயரத்தில் மிதக்கும் முனை தட்டில் உரசிவிட்டால் எழுதியிருப்பவை சுரண்டப்பட்டுவிடும். மீட்டுத் தருவோரிடம் கேட்டபோது, அவர்கள் சொன்ன தொகை அந்தக் குடும்பத்தின் பல மாத வருமானம். குழந்தையை யாரும் அடிக்கவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அந்த ஓதலை இனி யாரும் கேட்கப் போவதில்லை.

செய்ய வேண்டியது கடினமானதன்று. கணினிகள் அனைத்திலும் எவ்வளவு இடம் நிறைந்திருக்கிறது என்று கூட்டிப் பாருங்கள், அதைப்போல் இரு மடங்கு கொள்ளளவுள்ள வன்தட்டை வாங்குங்கள். மூன்று சாதாரண மடிக்கணினிகளுக்கு இரண்டு டெராபைட் பெரும்பாலும் போதும். விண்டோஸில் 'ஃபைல் ஹிஸ்டரி' என்ற வசதி ஏற்கெனவே இருக்கிறது. அது ஒவ்வொரு பயனர் பெயருக்கும் ஒவ்வொரு கணினிப் பெயருக்கும் தனித்தனிக் கோப்புறை அமைத்துக்கொள்வதால், பல கணினிகள் ஒரே வன்தட்டைப் பயன்படுத்தினாலும் ஒன்றின் கோப்பு மற்றதன் மேல் விழாது. அதற்கு முன் கணினிகளுக்கு வெவ்வேறு பெயர் சூட்டிவிடுங்கள். கடையில் வாங்கியபடி எழுத்தும் எண்ணுமாகக் கிடக்கும் பெயரைப் பார்த்து, எது மகளுடையது எது கடையுடையது என்று பிற்காலத்தில் யாருக்கு விளங்கும்? 'கடை', 'ஃபாத்திமா', 'பழைய லேப்டாப்' என்று பெயரிட்டால் போதும். கோப்புகள் மட்டுமன்றி முழுக் கணினியின் படிமத்தையும் எடுக்கலாம். விண்டோஸின் படிம வசதியும் கணினிப் பெயரைக் கொண்டே பிரித்து வைக்கிறது.

வீட்டில் ஆப்பிள் கணினி ஒன்று இருந்தால் சிறு சிக்கல் உண்டு. அதன் 'டைம் மெஷின்' தனக்கேற்ற முறையில் வடிவமைத்த தட்டையே விரும்பும், அதை விண்டோஸ் படிக்காது. வன்தட்டை வாங்கிய அன்றே, உள்ளே எதுவும் எழுதுவதற்கு முன், இரு பகுதிகளாகப் பிரித்து ஆளுக்கொன்று கொடுத்துவிட வேண்டும். இவற்றுக்கெல்லாம் காசு கொடுத்து வாங்க வேண்டிய மென்பொருள் எதுவும் இல்லை. அப்படியிருக்க, பூட்டை உடைத்த திருட்டு மென்பொருளைப் பதிவிறக்கி அதைக்கொண்டு அமானிதத்தைப் பாதுகாக்க முயல்வோரை என்னவென்று சொல்வது! அதன் வழியாகத்தான் நச்சுநிரலே வீட்டுக்குள் நுழைகிறது.

நச்சுநிரல் என்றதும் இன்னொன்று. 2017 மே மாதத்தில் 'வான்னகிரை' என்ற பணயநிரல் ஏறத்தாழ 150 நாடுகளில் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்டது. அத்தகைய நிரல் கணினியை மட்டும் பூட்டுவதில்லை, அந்நேரம் கம்பியில் இணைந்திருக்கும் வன்தட்டையும் சேர்த்தே பூட்டும். ஆகவே நகல் எடுத்து முடிந்ததும் முறைப்படி விடுவித்து, கம்பியைக் கழற்றி, உறையிலிட்டு வைத்துவிடுங்கள். நாள் முழுவதும் செருகி வைத்திருப்பது சோம்பலுக்கு வசதி, திருடனுக்கும் வசதி. வாரம் ஒருமுறை போதும். ஜுமுஆவுக்குக் குளித்துக் கிளம்பும் முன் ஒரு கணினியைச் செருகிவிட்டுப் போனால் திரும்பி வரும்போது முடிந்திருக்கும். அடுத்தது அஸருக்குப் பிறகு.

இனி, நாம் அதிகம் கவலைப்படும் விஷயத்துக்கு வருகிறோம். ஒரே வன்தட்டில் தகப்பனாரின் கணக்கும், மருமகளின் படங்களும், வயது வந்த மகனின் கடிதங்களும் ஒன்றாகச் சேர்கின்றன. ஃபைல் ஹிஸ்டரி எடுத்த நகல் தானாகப் பூட்டப்படுவதில்லை, வன்தட்டை எந்தக் கணினியில் செருகினாலும் திறந்து பார்க்கலாம். பழுதுபார்க்கும் கடையில் கொடுத்தால் கடைக்காரரும் பார்க்கலாம். பர்தாவைப் பற்றி இவ்வளவு பேசும் நாம், மனைவி மக்கள் வீட்டில் திரையின்றி எடுத்துக்கொண்ட படங்களைப் பூட்டில்லாத பெட்டியில் வைத்துப் பையில் போட்டுக்கொண்டு பேருந்தில் போகிறோம்!

பிறர் வீட்டுக்குள் அனுமதி கேட்டு நுழையுமாறு அந்நூர் அத்தியாயத்தின் 27ஆம் வசனம் கூறுகிறது. அதே அத்தியாயத்தின் 58ஆம் வசனமோ சொந்த வீட்டுக்குள்ளேயே, பருவமடையாத பிள்ளைகள்கூட ஃபஜ்ருக்கு முன்பும் நண்பகல் ஓய்விலும் இஷாவுக்குப் பின்பும் அனுமதி பெற்றே வர வேண்டும் என்கிறது. ஒரே கூரை என்பதால் திரை நீங்கிவிடாது என்றால், ஒரே வன்தட்டு என்பதால் மட்டும் நீங்கிவிடுமா? துருவித் துருவி ஆராயாதீர்கள் என்ற அல்ஹுஜுராத்தின் கட்டளை குடும்பத் தலைவருக்கும் பொருந்தும். பேக்கப் எடுக்கிறேன் என்ற பெயரில் மகளின் கோப்புகளைத் திறந்து பார்க்கும் தகப்பனார்கள் உண்டு. பிள்ளைகளைக் கண்காணிப்பது பெற்றோரின் கடமை, அதை மறுக்கவில்லை. ஆனால் அது நேருக்கு நேர் செய்ய வேண்டிய தர்பிய்யத். பாதுகாத்துத் தருகிறேன் என்று வாங்கிய பெட்டியை மறைவில் திறப்பது அந்தக் கடமையில் சேராது. இப்படி ஒருமுறை நடந்தால், பிறகு அந்த வீட்டில் யாரும் பேக்கப்புக்கே கணினியைத் தர மாட்டார்கள்.

வழி எளிது. விண்டோஸ் புரோ வகைக் கணினியில் 'பிட்லாக்கர்' மூலம் வன்தட்டு முழுவதற்கும் கடவுச்சொல் இடலாம், மற்ற விண்டோஸ் கணினிகளிலும் அந்தச் சொல்லைக் கொடுத்துத் திறக்கலாம். இல்லையெனில் 'வெராகிரிப்ட்' என்ற இலவச மென்பொருளால் ஆளுக்கொரு பூட்டிய பெட்டகத்தை ஒரே வன்தட்டுக்குள் அமைத்துக்கொள்ளலாம். பூட்டைப் பற்றிச் சொல்லும்போது சாவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். வஸிய்யத் செய்யத்தக்க பொருள் உடைய முஸ்லிம், அதை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகள் கழிப்பது தகாது என்ற கருத்தில் புகாரியிலும் முஸ்லிமிலும் ஹதீஸ் உண்டு. கடன் கணக்கு முழுவதையும் கடவுச்சொல்லுக்குப் பின்னால் வைத்துவிட்டு ஒருவர் மவுத்தானால், ஜனாஸாவுக்குப் பின் கடனைத் தீர்க்க விரும்பும் வாரிசுகள் எதைப் பார்த்துத் தீர்ப்பார்கள்? கடவுச்சொல்லைத் தாளில் எழுதி, உறையிலிட்டு ஒட்டி, வஸிய்யத்தோடு சேர்த்து வையுங்கள். கடன் கணக்கை மட்டுமாவது காகிதத்திலும் எழுதுங்கள். காகிதம் இன்னும் நல்ல சாதனம்தான்.

வேறோர் இடத்தில் வைக்க வேண்டிய பிரதிக்குப் பலர் கூகுளை நம்புகிறார்கள். நம்பலாம், ஆனால் அறிந்து நம்ப வேண்டும். இலவச இடம் 15 ஜிகாபைட் மட்டுமே. 2021 ஜூன் முதல் படங்களும் அந்தக் கணக்கில் சேர்கின்றன. ஈராண்டு திறக்கப்படாத கணக்கை அழிக்கும் விதியும் இருக்கிறது. கணினியோடு ஒத்திசையும் கோப்புறையில் ஒன்றைத் தவறுதலாக அழித்தால் அங்கும் அழிந்துவிடும், குப்பைத்தொட்டியில் சில நாள் கிடக்கும், பிறகு அதுவும் இல்லை. நம் குடும்பங்களுக்கு இதைவிட இயல்பான வழி ஒன்று உண்டு. இரண்டு வன்தட்டுகள் வாங்கி, ஒன்றை அரக்கோணத்திலோ நகரியிலோ மணமுடித்துக் கொடுத்த மகள் வீட்டில் வைத்து, இரு பெருநாள்களிலும் சந்திக்கும்போது மாற்றிக்கொள்வது. பிரியாணிப் பாத்திரம் போய்வரும் பாதையில் வன்தட்டும் போய்வரட்டும்! போய்வந்ததும் ஏதேனும் நான்கு கோப்புகளைத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்கப்படாத நகல் இருக்கிறதா இல்லையா என்று யாருக்கும் தெரியாது.

பள்ளிவாசல் நிர்வாகங்களுக்கும் இது பொருந்தும். 2025 ஜூன் 6ஆம் நாள் தொடங்கப்பட்ட உமீத் இணையதளத்தில் வக்ஃபு சொத்து விவரங்களைப் பதிவேற்றும் நெருக்கடி வந்தபோது, முத்தவல்லிகள் பலர் பழைய ஆவணங்களைத் தேடி அலைந்ததைக் கண்டோம். அந்தச் சட்டம் குறித்த நம் ஆட்சேபங்கள் வேறு. ஆவணம் நம் கையில் இல்லையென்றால் ஆட்சேபமும் வலுவிழக்கும் என்பது வேறு.

திருத்தணி வட்டாரத்தில் இதற்குத் தனிக் காரணமும் இருக்கிறது. 1911 முதல் சித்தூர் மாவட்டத்தில் இருந்த இப்பகுதி, 1953இல் ஆந்திர மாநிலத்தோடு சென்று, ம.பொ.சி. முதலியோர் முன்னின்ற எல்லைப் போராட்டத்துக்குப் பின் 1960 ஏப்ரல் முதல் நாள் தமிழகத்தோடு இணைந்தது. பிறகு செங்கல்பட்டு மாவட்டம், 1997 முதல் திருவள்ளூர் மாவட்டம். ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறைத் தாள்களில் மூன்று மாவட்டங்களின் பெயர் இருக்கும். பாட்டனார் காலத்துப் பத்திரம் தெலுங்கில் இருக்கும், தகப்பனாருடையது தமிழில் இருக்கும், நடுவே உருதுவில் ஒரு நிக்காஹ்நாமா இருக்கும். இவற்றை மறுபடியும் எந்த அலுவலகத்தில் கேட்பது என்பதே பெரும் கேள்வி.

எனவே வன்தட்டில் முதலில் சேர வேண்டியவை கல்யாண வீடியோக்கள் அல்ல, இந்தத் தாள்கள். கைப்பேசியில் அவசரமாகப் படம் பிடிக்காமல் ஸ்கேன் கடையில் கொடுத்து, ஓரங்களிலுள்ள முத்திரையும் கையொப்பமும் தெரியும்படி எடுத்து, 'ஸ்கேன் 001' என்று விட்டுவிடாமல், ஆண்டையும் ஊரையும் உரியவரின் பெயரையும் கோப்பின் பெயராக இடுங்கள். தெலுங்கு, உருதுப் பத்திரங்களின் சாரத்தைத் தமிழில் ஒரு பக்கம் எழுதி அதனருகே வையுங்கள். அந்த எழுத்தை வாசிக்கத் தெரிந்த பெரியவர்கள் நம் ஊரில் இன்னும் சிலர் இருக்கிறார்கள், அஸருக்கும் மஃக்ரிபுக்கும் இடையே பள்ளிவாசல் திண்ணையில் கிடைப்பார்கள்.